கூலரில் படிந்த சுண்ணாம்பு

என் மகனே, இன்னும் ஒரு மாதத்தில் கோயம்புத்தூரில் குடித்தனக்காரனாகப் போகிறவனே,

போன செவ்வாய்க்கிழமை நீ போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் உன் அம்மா சிரிப்பாள். சோறு இறங்கத்தான் செய்கிறது, எரிச்சல்தான் இறங்கவில்லை. வாடகை வீட்டுக்குக் கட்டில் வந்துவிட்டது, கேஸ் அடுப்பு வந்துவிட்டது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவன், கம்ப்யூட்டரும் கடையில் ரெடிமேடாகச் சொல்லிவிட்டேன் என்றாய். நான் ஏன் என்று கேட்டேன். "நமக்கு எதுக்குப்பா அந்தப் பார்ட்ஸ் பொறுக்குத வேலை? எனக்கு அது வராதுன்னு நீங்கதான சொன்னீங்க" என்று சிரித்தாய். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பதிலுக்கு நாலு வார்த்தை திட்டிவிட்டு மறந்திருப்பேன். நீ சிரித்தது என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறது.

நீ உன் கையால் மறுபடி ஒரு கம்ப்யூட்டர் கட்ட வேண்டும். இந்தக் கடிதம் முழுக்க அதற்காகத்தான். இதை உனக்குத் தனியாக எழுதாமல் நம் சபையின் மாத இதழில் போடச் சொல்லியிருப்பதற்கும் காரணம் இருக்கிறது. உனக்கு வராது என்று நான் சொன்னது நாலு பேர் முன்னால். அதைத் திரும்ப வாங்கிக்கொள்வதும் நாலு பேர் முன்னால்தான் நடக்க வேண்டும். ஞானஸ்நான வாழ்த்தும் மரண அறிவிப்பும் போக இடமிருந்தால் போடுகிறேன் என்றார் ஆசிரியர். இடமிருக்கும். இந்த மாதம் பாளையங்கோட்டையில் நமக்குத் தெரிந்த யாரும் சாகவில்லை.

முதலில் அந்த ரெடிமேட் கம்ப்யூட்டர் என்று நீ அனுப்பிய படத்துக்கு வருகிறேன். அது என்னலே பெட்டி? முன்பக்கம் கண்ணாடி, இடது பக்கம் கண்ணாடி, உள்ளே ஏழு ஃபேன், ஏழும் ஏழு நிறத்தில் மினுங்குகிறது. சபை விருந்து வைக்கிற அசனப் பந்தலுக்குச் சீரியல் லைட் போட்டது மாதிரி இருக்கிறது. காற்று எந்த வழியாக உள்ளே போகும் என்று அந்தக் கடைக்காரனை ஒரு வார்த்தை கேட்டாயா? கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் சுண்டுவிரல் நுழையாத இடுக்கு ஒன்று தெரிகிறது. ஏழு ஃபேனும் அதன் வழியாகத்தான் மூச்சு வாங்க வேண்டும். ஃபேன் என்பது காற்றை உற்பத்தி செய்கிற இயந்திரம் என்று அந்தக் கடைக்காரன் நினைத்துக்கொண்டிருக்கிறான் போல. இருக்கிற காற்றைத்தான் அது தள்ளும். உள்ளே வர வழியில்லாவிட்டால் பெட்டிக்குள் இருக்கிற அதே சூட்டைச் சுற்றிச் சுற்றிக் கிண்டிக்கொண்டிருக்கும். லிக்விட் கூலர் என்று வேறு பெருமையாகப் போட்டிருக்கிறான். தண்ணீர் சூட்டை விழுங்கி ஏப்பம் விடாது. ஓரிடத்தில் வாங்கி இன்னோரிடத்தில் கொண்டுபோய்க் கொட்டும். கொட்டுகிற இடத்தில் காற்றோட்டம் இல்லை என்றால் பெட்டிக்குள் வெந்நீர் ஓடும், அவ்வளவுதான். அவன் அனுப்பிய பட்டியலையும் பார்த்தேன். லைட்டுக்கு நாலு வரி எழுதியிருக்கிறான். எல்லாவற்றுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். யார் செய்தது என்பதற்கு ஒரு வரி இல்லை. எத்தனை வாட் என்று மட்டும் பெரிய எழுத்தில் இருக்கிறது. வாட்டை யார் வேண்டுமானாலும் அட்டையில் அச்சடிக்கலாம்.

இதெல்லாம் உனக்குத் தெரியாததா? எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். அதனால்தான் என் எரிச்சல் இரண்டு மடங்காக இருக்கிறது.

நான் ரிட்டையர் ஆன வருஷம் நினைவிருக்கிறதா? முப்பத்திரண்டு வருஷம் பிசிக்ஸ் நடத்திய வாய் சும்மா இருக்குமா? பாடங்களை அசையும் படங்களாக வரைந்து வீடியோவாகப் போடப் போகிறேன் என்று வீட்டில் குதித்தேன். பழைய கம்ப்யூட்டர் ஒரு நிமிஷப் படத்தை முடிக்க ஒரு காலைப்பொழுது எடுத்தது. நீ இரண்டு மாதம் எதையெதையோ படித்தாய். ஒரு தாளில் எழுதினாய், அடித்தாய், மறுபடி எழுதினாய். கடைசியில் ஒவ்வொரு சாமானாக வாங்கிச் சேர்த்துக்கொண்டு இங்கே வந்து, நம் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்தாய். கேபினெட்டைப் பார்த்ததும் எனக்கு வந்ததே ஒரு ஏமாற்றம்! கறுப்புத் தகரம், முன்பக்கமும் மேலேயும் முழுக்கக் கம்பி வலை. ஒரு லைட் கிடையாது. "என்னலே, கோழிக்கூட்டத் தூக்கிட்டு வந்துருக்க?" என்றேன். "வலையா இருந்தாத்தான்பா காத்து தாராளமா உள்ள வரும். இது பாளையங்கோட்ட, ஊட்டி இல்ல" என்றாய். கூலர் என்று ஒன்றை எடுத்தாய், செங்கல் தடிமனில் அலுமினியத் தகடுகளை அடுக்கி நடுவில் ஒரு பெரிய ஃபேன். உன் மாமா வீட்டுப் பையனிடம் இருப்பது மாதிரி தண்ணீர்க் குழாய் வைத்தது வாங்கத் துப்பில்லையா என்று கேட்டேன். நீ பொறுமையாகச் சொன்னாய்: எந்தக் கூலரும் அறையின் சூட்டுக்குக் கீழே இறக்காது, இது கெட்டுப்போனால் ஒரு ஃபேனை மாற்றினால் போதும், குழாய் ஒழுகினால் எல்லாம் போச்சு. முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே இழுக்கும், பின்னால் ஒன்று வெளியே தள்ளும், உள்ளே வருவது கொஞ்சம் கூடுதலாக இருந்தால் இடுக்கு வழியாகத் தூசி நுழையாது என்றாய். அழுத்த வித்தியாசம். பிசிக்ஸ் வாத்தியாருக்கு அதை மகன் சொல்லித்தர வேண்டியிருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? உன் உச்சரிப்பைத் திருத்தினேன்.

தெரிந்துகொள், அந்தக் கோழிக்கூடு சித்திரை மாத மத்தியானத்திலும் பொறுமையாக ஓடியது. நம் ஓட்டுச்சாய்ப்பு அறையில் மனுஷன் உட்கார முடியாது, அது உட்கார்ந்து வேலை செய்தது. வெப்பச் சலனம் பற்றிய பாடத்தை முழுக்க அதில்தான் செய்தேன். சூடான காற்று மேலே போவதைச் சிவப்பு அம்புக்குறி போட்டுக் காட்டினேன். அதற்காக உன்னை ஒரு நாளும் பாராட்டவில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம், "ஏதோ செஞ்சு குடுத்துருக்கான், ஓடுது" என்றேன். பெற்ற பிள்ளையைப் பாராட்டினால் கெட்டுப்போவான் என்று நினைக்கிற கூட்டத்தில் நானும் ஒருத்தன். நல்ல கூட்டம்!

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பூசி மெழுகாமல் சொல்கிறேன்.

போன வருஷத்துக்கு முந்திய வருஷம், கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்கிற நேரம். நம் தெருவில் டிசம்பர் பிறந்துவிட்டால் சுவரைச் சுரண்டாத வீடு ஏது? பெயிண்ட் அடிக்கலாம் என்று உன் அம்மா பத்து வருஷமாகச் சொல்கிறாள். ஓட்டுச்சாய்ப்புக்குச் சுண்ணாம்புதான் குளிர்ச்சி என்று பத்து வருஷமாக நான் மறுக்கிறேன். சுரண்ட ஆள் வந்தான். என் ஒளிவிலகல் பாடத்தின் படம் அப்போது பெட்டியில் தயாராகிக்கொண்டிருந்தது, முடிய இன்னும் மூன்று மணி நேரம் காட்டியது. நிறுத்த மனசில்லை. உன் அம்மா வாசலிலிருந்தே கத்தினாள்: "அத அமத்திட்டு அங்கன கொண்டுபோய் வைங்க. பொடி பூரா உள்ள போகப் போவுது." நான் அவளை ஒரு பார்வை பார்த்தேன். எனக்கா சொல்லித்தருகிறாய் என்கிற பார்வை. உள்ளே போய்ப் பரணிலிருந்து கனத்த சமுக்காளத்தை எடுத்து வந்தேன், நாலாக மடித்தேன், ஓடிக்கொண்டிருந்த பெட்டியின் மேல் தலையிலிருந்து கால் வரை போர்த்திவிட்டேன். வெப்பச் சலனத்துக்கு அம்புக்குறி போட்ட அதே கையால் போர்த்தினேன். இந்தத் தப்பைப் பத்தாம் வகுப்புப் பையன் செய்திருந்தால் முட்டி போட வைத்திருப்பேன்.

அரை மணி நேரத்தில் அது தானாக அணைந்துவிட்டது. சமுக்காளத்தை வெடுக்கென்று உருவினேன். அதன் மேல் விரல் கனத்துக்கு நின்ற சுண்ணாம்புப் பொடி அப்படியே மேல் வலை வழியாக உள்ளே கொட்டியது. அதோடு விட்டிருந்தாலாவது ஒரு பிரஷை வைத்துத் தட்டி எடுத்திருக்கலாம். பக்கத்துத் தகட்டைக் கழற்றினேன், துணியை நனைத்துப் பிழிந்தேன், உன் கூலரின் தகடுகளைத் துடைத்தேன். சுண்ணாம்பில் ஈரம் பட்டால் என்ன ஆகும் என்று சாந்து குழைக்கிற எவனைக் கேட்டாலும் சொல்வான். நான் எம்.எஸ்ஸி., அதனால் எனக்குத் தெரியவில்லை. மறுநாள் பார்த்தால் தகடுகளுக்கு நடுவே காற்றுப் போக இடமில்லாமல் காரை கட்டியிருந்தது. முன் வலையிலும் பாதிக் கண் அடைந்து கிடந்தது. வலையை வெளியே பளிச்சென்று தெரியும்படி துடைத்தேன், தகட்டை மாட்டினேன், சமுக்காளத்தைத் துவைக்கப் போட்டேன். உன் அம்மாவிடம், "ஒண்ணும் ஆகல" என்றேன். அதன் பிறகு பெட்டியைப் போட்டால் நாலு நிமிஷம் ஓடும், அணையும். விடுமுறைக்கு நீ வரும்போது நீயே பார்த்துக்கொள்வாய் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் நீ வந்த மறுநாளே அம்பாசமுத்திரத்திலிருந்து பியூலாவின் அப்பாவும் அம்மாவும் நம் வீடு பார்க்க வந்துவிட்டார்கள். பெண் பார்த்து முடிந்திருந்தது, அவர்களுக்கு உன்னைப் பிடித்திருந்தது, வீட்டையும் மனுஷரையும் பார்த்துவிட்டால் நிச்சயம் செய்வது என்று இருந்தார்கள். நம் பக்கம் உன் அத்தை, மாமா, சபைக் கமிட்டியில் இரண்டு பேர். அச்சுமுறுக்கும் காப்பியும் ஓடிக்கொண்டிருந்தபோது உன் அத்தை சும்மா இருக்காமல், "அண்ணன் போடுத பாடத்தக் காட்டுங்களேன்" என்றாள். மறுக்க வழியில்லை. பெட்டியைப் போட்டேன். எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொட்டென்று அணைந்தது. அப்போது நான் சொன்னதை இங்கே அப்படியே எழுதுகிறேன், இதழ் வாசிக்கிறவர்கள் எல்லோரும் வாசிக்கட்டும். "இவன் பொறுக்கி மாட்டுன பெட்டில்லா! ஒரு பெட்டியக்கூட ஒழுங்காத் தேர்ந்தெடுக்கத் தெரியல. இவனெல்லாம் ஒரு குடும்பத்த எப்படிக் கட்டிக் காப்பாத்தப் போறானோ!"

உன் வருங்கால மாமனார் முறுக்கைத் தட்டில் வைத்தார். நீ எழுந்து போனாய். பக்கத்துத் தகட்டைக் கழற்றிக் குனிந்து பார்த்தாய். பைய மறுபடி மாட்டினாய். திரும்பி எல்லோரையும் பார்த்து, "ஆமா, நாந்தான் கூலரச் சரியா மாட்டல போல. எனக்கு இது அவ்வளவா வராது" என்றாய். வந்தவர்கள் சீக்கிரமே கிளம்பினார்கள். உன் அம்மா அடுக்களையில் பாத்திரத்தைப் போட்டு உடைக்காத குறை. "நீங்க பேசுத பேச்சுக்கு ஒரு அளவு வேணாமா? கல்யாணம் பேச வந்தவங்க முன்னால பெத்த பிள்ளைய யாராவது இப்படிச் சொல்லுவாவளா?" என்று கேட்டாள். நான் பேப்பரை விரித்துக்கொண்டேன்.

அடுத்த நாள் நீ திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் போய்ப் புதுக் கூலர் வாங்கி வந்து மாட்டினாய். வலையைக் கழற்றித் தட்டிச் சுத்தம் செய்தாய். பழைய கூலரைப் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டாய். பெட்டி இன்றைக்கும் ஓடுகிறது. கேவலத்திலும் கேவலம் எது என்று சொல்கிறேன். நீ குனிந்து பார்த்தும், வெறும் தூசி என்று கூலரை மாற்றினாயே தவிர, கண்டுபிடிக்கவில்லை என்று நினைத்தேன். தப்பித்தோம் என்ற சந்தோஷம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கண் முன்னால் வெள்ளை வெளேரென்று கிடக்கிற சுண்ணாம்பை அடையாளம் தெரியாத இவன் என்ன இன்ஜினீயர் என்று உன்னை இளக்காரமாகவும் நினைத்தேன். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகும் நீ லீவுக்கு வந்தாய், போனாய். ஸ்க்ரூடிரைவரைத் தொடவில்லை. வேறு யார் வீட்டிலாவது கம்ப்யூட்டர் வாங்கப் போகிறோம் என்று யோசனை கேட்டால், கடைக்காரர்களிடம் கேளுங்கள் என்று நகர்ந்துவிட்டாய். அதையும் பார்த்தேன். சோம்பேறி என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை நீ சிரித்த பிறகுதான் சனிக்கிழமை அம்பாசமுத்திரத்துக்குப் பஸ் ஏறினேன். கல்யாணப் பத்திரிகை விஷயமாக என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவர்கள் முன்னால் சொன்னதை அவர்கள் முன்னால் ஒப்புக்கொள்வது என்று முடிவு. பஸ்ஸில் வழி முழுக்கப் பேச்சைத் தயார் செய்தேன், ஸ்கூல் ஆண்டு விழாவுக்குத் தயார் செய்வது போல. காப்பி வந்தது. பியூலாதான் கொண்டு வந்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, சமுக்காளத்தில் ஆரம்பித்து ஈரத்துணி வரை எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்தால் மூன்று பேர் முகத்திலும் ஒரு ஆச்சரியமும் இல்லை. பியூலா, "மாமா, அது எங்களுக்குத் தெரியுமே" என்றாள்.

எப்படி என்று கேட்டேன். அவள் சொன்னாள், உன்னை 'அவியள்' என்று: "அன்னைக்கு எங்க அப்பா வீட்டுக்கு வந்து, பையன் நல்ல பையன்தான், ஆனா வீட்ல மரியாத இல்ல, யோசிக்கணும்னு சொன்னாவ. நான் அவியளுக்குப் போன் போட்டு, நெசமாவே உங்களுக்குத் தெரியாதான்னு கேட்டேன். உள்ள பூரா சுண்ணாம்பு, அப்பா ஈரத்துணி போட்டுத் தொடச்சிருக்காவன்னு சொன்னாவ. அப்ப ஏன் எல்லார் முன்னாலயும் பழிய ஏத்துக்கிட்டீங்கன்னேன். 'அப்பா முப்பத்திரண்டு வருஷம் பிசிக்ஸ் வாத்தியார்ல்லா, நாலு பேர் முன்னால அத எப்படிச் சொல்ல'ன்னாவ." அவள் அப்பா என்னைப் பார்க்காமல் காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அதக் கேட்ட பெறகுதான் சார் நான் சரின்னு சொன்னேன்."

ஆக நீ உள்ளே எட்டிப் பார்த்த அந்த நொடியிலேயே உனக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு வருஷத்துக்கு மேலாக அம்பாசமுத்திரத்தில் ஒரு வீடு முழுக்கத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் எனக்கு நிச்சயத்தன்று மாலை போட்டிருக்கிறார்கள். தெரியாமல் நிமிர்ந்து நடந்தவன் நான் ஒருத்தன்தான். வெட்கத்தில் அந்தக் காப்பியை நான் குடிக்கவே இல்லை.

உனக்கு நன்றி சொல்வேன் என்று எதிர்பார்க்காதே. எனக்கு உன் மேல் கோபம்தான். இப்படியா ஒரு மனுஷன் வாயை மூடிக்கொண்டு விழுங்குவான்? சாயங்காலம் அவர்கள் போன பிறகு என் முன்னால் நின்று, "அப்பா, இது உங்க வேல" என்று கத்தியிருக்க வேண்டும். நானும் கத்தியிருப்பேன். உன் அம்மா நம் இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டியிருப்பாள், அதோடு தீர்ந்திருக்கும். நீ மரியாதை என்று நினைத்து விழுங்கினாய், அது உன் கையை முடக்கிவிட்டது. பியூலாவிடம் இதைச் செய்யாதே. அவள் தப்பாகப் பேசினால் அன்றைக்கே சொல்லிவிடு. நீ தப்பாகப் பேசினால் அவள் சும்மா விட மாட்டாள், அது எனக்கு ஒரு காப்பி நேரத்திலேயே தெரிந்துவிட்டது.

கிளம்பும்போது பஸ் ஸ்டாப் வரை அவள் கூட வந்தாள். நான் கேட்டேன்: "அவனுக்கு எல்லாம் தெரியும்னா, இப்ப ஏன்மா அந்தக் கண்ணாடிப் பெட்டிய வாங்குதான்? அது உருப்படாதுன்னு அவனுக்குத் தெரியாதா?" அவள் சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கினாள். பிறகு சொன்னாள்: "தெரியும் மாமா. நானும் கேட்டேன். 'நான் கட்டுனா அப்பா வந்து பாப்பாவ, ஏதாவது சொல்லுவாவ. ரெடிமேடுன்னா கடக்காரனத் திட்டிட்டுப் போயிருவாவ'ன்னாவ. கட்டில், பீரோகூட அப்படித்தான் மாமா. எதையும் அவியளாத் தேர்ந்தெடுக்கல. கடையில காட்டுனதயே எடுத்துட்டாவ."

அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டை வரை நான் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தேன். என் பிள்ளை தன் வீட்டுக்கு நான் வருவேன் என்று பயந்து, தான் தேர்ந்தெடுத்தது என்று ஒரு சாமான்கூட இல்லாமல் ஒரு வீட்டை நிரப்பி வைத்திருக்கிறான். நான் இந்த ஊரில் எத்தனையோ பேரை இளக்காரமாகப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அந்த பஸ்ஸில் என்னைப் பார்த்த மாதிரி யாரையும் பார்த்ததில்லை.

அந்தக் கண்ணாடிப் பெட்டியை வேண்டாம் என்று சொல்லிவிடு. வலை வைத்த கேபினெட்டாகப் பார். கூலர், ஃபேன், எஸ்.எம்.பி.எஸ். எல்லாம் உனக்கு எது சரி என்று படுகிறதோ அதை வாங்கு. நான் ஒரு யோசனையும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தில் மேலே சொன்னதையும் அடித்துவிட்டுப் படி. கட்டி முடித்த பிறகு எனக்குப் படம் அனுப்பாதே. உள் அறையில் வைத்துக்கொள். நான் வருகிற அன்றைக்கு அந்தக் கதவைச் சாத்திவிடு, நான் கேட்டாலும் திறக்காதே. ஹாலில் உட்கார்ந்து, பியூலா கொடுக்கிற காப்பியைக் குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் வந்துவிடுகிறேன். இதைக் கட்டளையாகச் சொல்லவில்லை, கெஞ்சிக் கேட்கிறேன். நான் அதைப் பார்க்காமலே செத்தாலும் பரவாயில்லை. நீ கட்டுலே.

உன் அப்பா